உப்பு ஆகாத மண்

காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, அந்தத் தண்ணீரைக் கொல்லைக் கம்பத்தின் அடியில் துப்ப வேண்டும். பல் துலக்குவதற்கு முன், ஒரு மிடறு நீராகாரம்கூடத் தொண்டையில் இறங்குவதற்கு முன். இடுப்புயரம் நிற்கும் அந்தக் கம்பத்துக்கு உயிர்மண் வாரியம் வைத்த பெயர் மண்செவி. செம்மலர் வைத்த பெயர் எச்சில்சாமி.

கம்பத்துக்குக் கீழே நிலம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத நூலாக இழைப்பூஞ்சை ஓடிக் கிடந்தது. துப்பியதை அது ருசி பார்க்கும். பார்த்துவிட்டுக் கம்பத்தின் தலையில் விளக்கை ஏற்றும். சிவப்பு எரிந்தால் மண்ணுக்கு உங்களைத் தெரியாது. மஞ்சள் என்றால் பழகிக்கொண்டிருக்கிறது. பச்சை என்றால் நிலம் உங்களுடையது. பட்டா அன்றைக்கே உங்கள் பேரில் ஏறிவிடும்.

அன்று அவள் கணவன் பரிதி துப்பினான். பச்சை எரிந்தது.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "மலரு, நீ பாரேன். வெயில்ல எனக்குச் சரியாத் தெரியல."

"தெரியாம என்ன? வெண்டைக்கா கலர்ல எரியுது" என்றாள். குரல் உடைந்தது. அதை மறைக்கக் குனிந்து தன் பங்கைத் துப்பினாள். மஞ்சள்.

"வந்துரும். உன் வாய் கொஞ்சம் கெட்ட வாய். மண்ணு பயப்படுது" என்றான் பரிதி.

செம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றிவிட்டு, திருச்சியில் இருந்த அம்மாவைப் போனில் அழைக்க ஓடினாள்.

கடைமடைப் பூமி அது. அம்மாவின் இளமைக் காலத்தில் கடல் ஏறி வந்து, பல வருடம் கிடந்து, இறங்கிப் போனது. போகும்போது உப்பை விட்டுவிட்டுப் போனது. வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடந்த வயலை நிலம் வைத்திருந்தவர்களே திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் எதைத் திரும்பிப் பார்ப்பது? எல்லோரும் திருச்சி அடுக்ககங்களில் போய் அடைந்தார்கள். பெரிய தொட்டிகளில் வளர்த்துப் பிசைந்து தரும் தொட்டிச்சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள்.

பிறகு வாரியம் வந்தது. உப்பைக் கீழே தள்ளி மேல்மண்ணுக்கு உயிர் கொடுக்கும் பூஞ்சையைக் கொண்டு வந்தது. அந்தப் பூஞ்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மனிதக் குடல் இல்லாமல் அது பிழைக்காது. அந்த மண்ணில் விளைந்ததை மட்டுமே ஆள் சாப்பிட வேண்டும். கழித்ததை அந்த மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும். வெளிச் சாப்பாடு கூடாது. முக்கியமாக உப்பு, ஒரு கல்கூட ஆகாது. இப்படிக் குடியிருந்து மண்ணை மீட்டால் நிலம் உனக்கே. தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. கணவன் மனைவியாகத்தான் வர வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குடும்பம் என்றால் பொறுப்பாக இருப்பார்கள் என்று அவரவரே சொல்லிக்கொண்டார்கள்.

செம்மலர் புள்ளியியல் படித்தவள். அவள் வீட்டில் முதல் பட்டம். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, அடுக்ககத்தில் யார் எத்தனை முறை வரிசைக்கு வந்தார்கள் என்று பார்ப்பது. அதையும் எந்திரம் பிடுங்கிக்கொண்டது. நிலத்துக்குப் போகிறோம் என்றதும் அம்மா சுவாதி ஒப்பாரி வைத்தாள். சேற்றிலிருந்து கரையேற்றத்தானே உன்னைப் படிக்க வைத்தேன் என்றாள். பட்டா தருகிறார்கள் என்று சொன்னதும் அழுகை நின்றது. அவர்கள் வம்சம் அந்த மண்ணில் நாற்று நட்டிருக்கிறது, களை எடுத்திருக்கிறது, பாம்புக்கடி வாங்கிச் செத்திருக்கிறது. வரப்பு அகலத்துக்குக்கூட அவர்கள் பேரில் நிலம் இருந்ததில்லை.

கிடைத்த வீடு பழைய மிராசுதாரின் களத்து வீடு. கூரை விழுந்து, கூடத்தில் கருவேலம் முளைத்துக் கிடந்தது. "எங்க ஆளுங்கள அந்தப் படியில கால் வைக்க விட்டதில்லடி" என்றாள் அம்மா போனில். அன்றைக்கு முழுக்க செம்மலர் அந்தப் படியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு வேலையைத் தொடங்கினார்கள். வைக்கோலில் பூஞ்சையை ஏற்றி, அச்சில் வளர்த்து, இழைக்கல் அறுத்து, சரிந்த சுவரை எடுத்துக் கட்டினார்கள். வாரியம் கொடுத்த பாடப்பலகை தினமும் கற்றுக்கொடுத்தது: தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவது, மண்ணை வெயில் தின்னாமல் காய்ந்த சருகால் மூடாக்குப் போடுவது, கத்தரிக்கு நடுவே உளுந்து. முதல் தடவை மூடாக்கை அழகாக இருக்கட்டும் என்று கூட்டிப் பெருக்கி எரித்தவன் பரிதி. "பெருக்கிக் கோலம் போடுறதுக்கு இது என்ன உங்க மாமியா வீட்டு வாசலா?" என்று கத்தினாள் செம்மலர். அப்போதெல்லாம் அவனும் பதிலுக்குக் கத்துவான்.

இப்போது கத்துவதில்லை. அதை அவள் கவனிக்காமல் இல்லை. தொட்டிச்சோற்று வரிசையில் ஒரு கிழவரைப் பிடித்துத் தள்ளிய மேற்பார்வையாளனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியவன் பரிதி. அதைப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். போன மாதம் பக்கத்து நிலத்துக்காரன் இவர்கள் முறைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டபோது, "அவனுக்கும் காயுதுல்ல, விடு" என்றான் அதே ஆள். மண் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று பாடப்பலகை அடிக்கடி சொல்லும். பக்குவம் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டாள்.

தன் விளக்கு ஏன் மஞ்சளிலேயே நிற்கிறது என்பது செம்மலருக்கு மட்டும் தெரியும். மோட்டார் கொட்டகையில், பழைய பம்ப் செட்டின் பின்னால் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் வாளைக் கருவாடு. அம்மா பழைய புடவைக்குள் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்புவது. உப்பில்லாச் சோற்றை மனமாரத் தின்ன அவளால் ஒரு நாளும் முடியவில்லை. 'சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறே' என்று கேட்டுக் கேட்டே ரோஷத்தை வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். நாள் தள்ளிப் போய், மசக்கையும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கர்ப்பம் என்பதை இன்னும் பரிதியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். கருவாட்டைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை.

பட்டா விழுந்த சந்தோஷத்தில் அந்த வாரமே திருச்சிக்குக் கிளம்பினார்கள். நிலத்தைப் பற்றி அம்மாவிடம் போனிலேயே சொல்லியாயிற்று; பேரப்பிள்ளையைப் பற்றி நேரில் சொல்ல வேண்டும். வழிக்கு இருக்கட்டும் என்று சோறு கட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் பரிதி ஜன்னலோரம் சாய்ந்தே வந்தான். வியர்த்தது. "ஒண்ணுமில்ல, ரொம்ப நாளைக்கப்புறம் பஸ்ல வர்றோம்ல" என்றான்.

அம்மா எங்கெங்கோ சொல்லி வைத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். மருமகனுக்குத் தலைத் துண்டு.

"அத்தை, எங்களுக்கு உப்பு ஆகாதே."

"அட போங்க மாப்ள. நிலம்தான் கைக்கு வந்துருச்சே, இன்னும் என்ன பத்தியம்? ஒரு வாய் வச்சா மண்ணு கோவிச்சுக்குமா?"

அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, மறுக்க மனமில்லாமல் ஒரு கவளம் எடுத்து வைத்தான். மென்றான். விழுங்கினான். பிறகு கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. கண் மேலே செருகியது. அம்மா அலறிக்கொண்டு தாங்கிப் பிடிப்பதற்குள் உடம்பு வில்லாக வளைந்து தரையில் கிடந்தது. தொட்டால் மழைக்காலத்து மண் மாதிரி சில்லென்று இருந்தது. மாடி வராந்தாவில் இருந்த மருத்துவப்பெட்டி அவன் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியாத உயிரினம் என்றது.

செம்மலர் வாரியத்தின் நில இணைப்பாளர் நிவேதாவைப் போனில் அழைத்தாள்.

"எவ்வளவு உப்பு?" நிவேதாவின் குரலில் பதற்றமே இல்லை.

"ஒரு வாய் குழம்பு மேடம்."

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். நேரா நிலத்துக்குக் கொண்டு வந்துருங்க. வண்டி கீழதான் நிக்குது."

எட்டிப் பார்த்தாள். நின்றது. இரண்டு பேர் ஏற்கெனவே தூக்குப்படுக்கையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க கூப்புடறதுக்கு முன்னாடியே எப்புடிண்ணே வந்தீங்க?" என்று வழியில் ஓட்டுநரிடம் கேட்டாள்.

"பச்சை ஆள் எல்லை தாண்டினா வண்டி பின்னாலயே வந்துரும்மா. எப்பவும் உள்ளதுதான்" என்றார் அவர்.

கத்தரிப் பாத்தியில் மூடாக்கை விலக்கி, சட்டையைக் கழற்றி, பரிதியை வெறும் மண்ணில் குப்புறக் கிடத்தினார்கள். கன்னம் மண்ணில் பட்டதும் மூச்சு சீராகத் தொடங்கியது. பாலுக்கு அழுத குழந்தை அடங்குவதுபோல அடங்கினான். செம்மலர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அவன் கையைத் தூக்கப் போனபோது தூக்க வரவில்லை. மண்ணிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் கிளம்பி முழங்கை வரை படர்ந்திருந்தது. துடைத்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அவன் கண் விழித்து, "நல்லாத் தூங்கினேன் மலரு" என்றான்.

காலையிலேயே நிவேதா வந்தாள். கையில் ஒரு மாலை. "பட்டாக்காரருக்கு" என்று சிரித்துக்கொண்டே பரிதியின் கழுத்தில் போட்டாள். அவனும் சிரித்தான். மாலையோடு களை பறிக்கப் போய்விட்டான். செம்மலர் வாசற்படியில் வழி மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?" நிவேதா மறைக்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள். "பச்சை வந்துட்டா குடலும் மண்ணும் ஒண்ணாயிடும். ரெண்டையும் பிரிச்சா ரெண்டும் சாகும். ஒரு நாள் பயணம் போகலாம். உப்பு மட்டும் கூடாது. மத்தபடி நோய் நொடி இல்லாம ரொம்ப நாள் இருப்பாங்க. சண்டை சச்சரவு இல்ல. பாக்குறீங்கல்ல, எவ்வளவு சாந்தமா இருக்காரு."

"அவன் சாந்தமா இருக்கணும்னு உங்ககிட்ட யாரு கேட்டா?"

நிவேதா களை பறிக்கும் பரிதியின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"அதனாலதான் ஜோடியா வரச் சொன்னீங்களா?"

"முதல்ல தனி ஆளுங்களத்தான் வச்சோம். பச்சை வந்தவங்க வெளிய போக முடியல. விதை வாங்க, விளைஞ்சத விக்க, ஒடம்புக்கு ஒண்ணுன்னா சொல்ல ஆள் இல்ல. நிறைய பேரு அப்படியே பாத்தியில கிடந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஜோடி. ஒருத்தர் பச்சையானாப் போதும். இன்னொருத்தர் எங்க போனாலும் பொழுது சாயத் திரும்பி வந்துருவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்லயும் இதேதான். அவரு பச்சை, நான் மஞ்சள். மஞ்சளா இருக்கறதாலதான் இப்படி ஊர் ஊரா வண்டியேற முடியுது. வேலையில இருக்கறவங்களுக்கு வாரியமே உப்பு மாத்திரை தருது."

மாடு கட்டும் முளைக்குச்சி செம்மலருக்கு நினைவு வந்தது. குச்சியை அடிக்கிறவன் மாட்டை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை. கட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டாள்.

"பொண்ணு. அப்ப மாத்திரையெல்லாம் இல்ல. நானும் மண்ணுச் சோறுதான் தின்னேன். பொறக்கும்போதே பச்சை." நிவேதா கைப்பையின் பிடியைத் திருகினாள். "படிக்கிறா. பாடப்பலகை இருக்கே."

"எதுவரைக்கும் போவா?"

"எங்க எல்லை வாய்க்கா வரைக்கும். பொறக்கும்போதே பச்சைன்னா அதுக்கு மேல தாங்காது." சட்டென்று எழுந்துகொண்டாள். "உங்களுக்குப் படிப்பு இருக்கு. பிரசவத்துக்கப்புறம் வாரியத்துல வேலைக்கு எழுதிப் போடறேன், மாத்திரை கிடைக்கும். அதுக்கு முன்னாடி தர மாட்டாங்க, எல்லை தாண்டவும் விட மாட்டாங்க. குழந்தை தாய் வழியாத்தான் மண்ணைப் பழகணும். அடுத்த தலைமுறை இல்லன்னா இந்த நிலம் திரும்பவும் உப்பாயிடும்."

செம்மலர் திடுக்கிட்டாள். "நான் முழுகாம இருக்கேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

நிவேதா கொல்லைக் கம்பத்தைப் பார்த்தாள். "தினமும் நீங்கதானே சொல்றீங்க."

போகிறபோது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த வாரத்துலேர்ந்து பஸ்ல பார்சலெல்லாம் பிரிச்சுப் பார்ப்பாங்க. ஒருத்தர் விளக்கு இவ்வளவு நாள் மஞ்சள்ல நின்னா காரணம் இருக்கும். நான் கேக்கல. இருக்கறத பத்திரமா வச்சுக்குங்க."

பரிதி களை பறித்த கையோடு வந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு இரைத்தது. "எங்க ஆளுங்களுக்காவது பொழுது போனா வீட்டுக்குப் போக முடிஞ்சுது பரிதி. வேற ஊருக்கு ஓடிப் போக முடிஞ்சுது. ஓடிப் போய்த்தான் எங்கம்மா என்னைப் படிக்க வச்சா. இவனுங்க கயித்தை வயித்துக்குள்ள கட்டி வச்சுட்டு, அதுக்குப் பட்டான்னு பேரும் வச்சிருக்கானுங்க. ஒரு மூட்டை உப்பைக் கொண்டாந்து கொட்டினேன்னா..."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு மூட்டை உப்பு போதும், இந்த மண் செத்துவிடும். பரிதி இந்த மண்ணில்தான் இருந்தான்.

அவன் மாலையைக் கழற்றி மடியில் வைத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"எனக்குக் கோவம் வரமாட்டேங்குது மலரு" என்றான். "வரணும்னு தெரியுது. என்னை ஏமாத்திட்டானுங்கன்னு புரியுது. அந்த வரிசையில அவன் சட்டையப் புடிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கு."

அவனைப் பார்த்து அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. அவன் எழுந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தான்.

"எங்க போறே?"

"பம்ப் செட்டுப் பின்னாடிதானே வச்சிருக்க?"

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"முன்னெல்லாம் நீ அங்கேர்ந்து வந்தா எனக்கு எச்சில் ஊறும். ஒரு துண்டு கேக்கலாமான்னு இருக்கும். பத்தியத்தைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்." லேசாகச் சிரித்தான். "இப்ப நீ கிட்ட வந்தாலே குமட்டுது. அதான் ஒரு மாசமாத் திரும்பிப் படுக்கிறேன்."

ஈரத்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சுள்ளியைப் பற்றவைத்தான். தணலில் கருவாட்டைப் போட்டதும் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் புரட்டிப் போட்டான். மறுபடி ஓடினான். "நான் சுட்டுக்கிறேன், விடு" என்று செம்மலர் கையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டான். கோபத்தில் செய்கிற காரியத்தைக் கோபமே இல்லாமல் செய்துகொண்டிருந்தான். சுட்ட துண்டை வாழை இலையில் வைத்து, கையை எட்ட நீட்டிக்கொண்டு வந்து கொடுத்தான்.

"தின்னு. உள்ள இருக்கறது வாய்க்காலத் தாண்டணும்."

அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"எல்லாத்தையும் தின்னுடாத" என்றான். "வச்சு வச்சுத் தின்னு."

பாதியைக் கடித்தாள். மீதியை டப்பாவில் போட்டு மூடினாள். தகரத்தின் அடி தெரியத் தொடங்கியிருந்தது. வயிறு இன்னும் வெளியே தெரியவே இல்லை. மூடுவதற்கு முன் விரலை நக்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் சோதனை தொடங்கியது. அம்மாவின் புடவை பிரிக்கப்பட்டு, வெறும் புடவையாக வந்து சேர்ந்தது. செம்மலர் துண்டைப் பாதியாக்கினாள், பாதியைக் காலாக்கினாள், பிறகு முள்ளைச் சப்பினாள். கடைசியில் டப்பாவைக் கழுவிய தண்ணீரைக் குடித்தாள்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு காலை. இருவரும் கம்பத்தடியில் நின்றார்கள். பரிதி துப்பினான், பச்சை. செம்மலர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். துப்பினாள். விளக்கு யோசித்தது. மஞ்சள் எரிந்தது. ஓரத்தில் மட்டும் லேசாக வேறு நிறம்.

"மஞ்சள்தான்" என்றான் பரிதி அவசரமாக.

"ம்."

"திட்டேன் மலரு. யாரையாவது திட்டு. எனக்குக் கேக்கணும்போல இருக்கு."

அவன் அப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். செம்மலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தொடங்கினாள். வாரியத்தைத் திட்டினாள், அதன் மாலையைத் திட்டினாள். வாசற்படிக்கு இழுத்து வந்து மிராசுதாரைத் திட்டினாள். அவன் சந்ததியை, பஸ்ஸில் புடவையைப் பிரித்த கைகளை, கம்பத்தை, கம்பத்துக்குக் கீழே ஓடும் நூலை. பரிதியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தாள். நாக்கால் வார்த்தையைத் துழாவினாள். எங்கே விட்டோம் என்று நினைவுக்கு வரவில்லை. கத்தரிச் செடிகள் மேல் இளவெயில் விழுந்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ம், அப்புறம்?" என்றான் பரிதி, கண்ணைத் திறக்காமல்.